வற்றிய நீரும் வார்த்த நீரும்

"எல்லாம் சரி மாமா. தண்ணி எவ்வளவு?"

18 ஆண்டுகளாகப் பெரும்பாணாற்றுப்படையை வகுப்பறையில் நடத்திவருகிறோம். இந்த வினாவை எம் மாணாக்கர் எவரும் இதுவரை கேட்டதில்லை. யாமும் எம்மைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டவன் எம் தமக்கை மகன். தமிழ் இலக்கியம் படித்தவனல்லன். இலண்டன் மாநகரின் ஈஸ்ட் ஹாமில் கணிப்பொறி வேலை பார்ப்பவன். சென்ற மார்கழியில் விடுப்புக்கு எம் ஊராகிய திருப்பாலைவனத்திற்கு வந்திருந்தபோது, திண்ணையில் அமர்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த எம்மிடம், இப்போது என்ன பாடம் நடக்கிறது என்று ஒப்புக்குக் கேட்டான். யாமும் ஒப்புக்கு விடை சொன்னோம். அது எங்கெங்கோ கொண்டுபோய் விட்டது.

பாட்டு அன்பர்கள் அறிந்ததே. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய 500 அடிகள். பரிசில் பெறச் செல்லும் பாணன் வழியில் எந்தெந்தக் குடியிருப்பில் என்னென்ன உணவு பெறுவான் என்று புலவர் சொல்லிக்கொண்டே வருவார். வலைஞர் குடியிருப்பை அடைந்தால் அவனுக்குக் கிடைப்பது சுட்ட மீனும் அரிசியில் ஆக்கிய மதுவும். வெறுமனே மது என்று சொல்லிப் புலவர் கடந்துவிடவில்லை, செய்முறையே தந்துவிடுகிறார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவ வேண்டும். அதனை வாயகன்ற தட்டில் பரப்பி ஆற்ற வேண்டும். முளைநெல்லால் ஆன அடையை அதிலே கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வேண்டும். வலிய வாயையுடைய சாடியில் பச்சை வாடை நீங்கும்வரை முதிர்ந்ததை விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்க வேண்டும். இவ்வளவையும் எட்டே அடிகளில் சொல்லிவிடுகிறார். அரிசி உண்டு, முளை உண்டு, காலக்கணக்கு உண்டு. நீரின் அளவு மட்டும் இல்லை.

"சமையல் குறிப்பா எழுதினார்? பாட்டுத்தானேடா" என்றோம். "செய்யத் தெரிஞ்சவருதான் இப்படி எழுத முடியும் மாமா. ஆத்திட்டு அப்புறம் முளையைக் கலக்கணும்னு சொல்றார் பாருங்க. சூடா இருக்கும்போது கலந்தா முளையோட சக்தி செத்துரும்" என்றான். முளைவிட்ட தானியத்தில் மாவை இனிப்பாக மாற்றும் நொதிகள் உள்ளன என்பதும், அவை கொதிசூட்டில் அழியும் என்பதும், இனிப்பைச் சாராயச் சத்தாக மாற்றும் ஈஸ்ட் அதனினும் குறைந்த சூட்டிலேயே மடியும் என்பதும் அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். ஆற்றி என்னும் சொல்லுக்குக் குளிரச்செய்து என்று பொருள் எழுதி, அரை மதிப்பெண் கொடுத்து வந்தவர் யாம்.

அவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். அவன் தன் வீட்டில் பியர் ஆக்குபவன். பிரித்தானியாவில் 1963 முதல் தன் வீட்டுத் தேவைக்குப் பியர் ஆக்க உரிமம் வேண்டியதில்லை. நம் மாநிலத்தில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். ஆகவே இப்பதிவைப் படித்துவிட்டு எவரும் அடுப்பு மூட்ட வேண்டா. மது பற்றி எழுத எம் ஊர்தானா கிடைத்தது என்று முகம் சுளிக்கும் அன்பர்களுக்கும் ஒரு சொல்: தேவர்கள் கடைந்து உண்டு எஞ்சிய அமுதமே இலிங்கமாயிற்று என்பதுதான் எம் ஊர்ப் பாலீசுவரர் கோயிலின் தலபுராணம்.

அவன் முறையில் முளைகட்டுவதும் களி கிண்டுவதும் இல்லை. முளைகட்டிய பார்லியின் சாற்றைத் தொழிற்சாலையிலேயே சுண்டவைத்துத் தேன்போன்ற பாகாக்கி விற்கிறார்கள். அந்த மால்ட் பாகை வாங்கி, நீரில் கரைத்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் காய்ந்த பூவைக் கசப்புக்காகப் போட்டு ஒரு மணிநேரம் கொதிக்கவிட்டு, ஆறியபின் ஈஸ்ட் தூவி மூடிவைப்பது. ஒரு முறை ஆக்குவது 23 லிட்டர். வீட்டு அடுப்பு 23 லிட்டரைக் கொதிக்கவைக்காது. அவ்வளவு பெரிய பானையும் அவனிடம் இல்லை. இருப்பது 12 லிட்டர்ப் பானை. அதில் 9 லிட்டர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் ஒரு மணிநேரத்தில் 6 லிட்டராக வற்றும். மீதம் 17 லிட்டரையும் பின்னர்க் குளிர்ந்த நீராக வார்த்து நிரப்புகிறான்.

"அவ்வளவுதானே? வற்றியதற்கு வார்த்தால் கணக்குச் சரியாகிவிட்டது" என்றோம். அவன் சிரித்துவிட்டான்.

கணக்குச் சரியாவதில்லை என்பதற்கு அவன் அடுக்கிய காரணங்கள் எமக்குப் பெருஞ்சுவை தந்தன. 3 கிலோ பாகு 23 லிட்டரில் கரைந்தால் அடர்த்தி 1.040 அளவில் இருக்கும். அதே பாகை 9 லிட்டரில் கரைத்தால் 1.100 ஆகிவிடும். அத்தனை தடித்த கரைசலில் பூவின் கசப்பு முழுதாக இறங்காது. சர்க்கரையோ கருகாமலேயே கறுத்து, பொன்னிறம் வேண்டிய இடத்தில் கருப்பட்டி நிறம் வந்து நிற்கும். பின்னர் எத்தனை நீர் வார்த்தாலும் இறங்காத கசப்பு இறங்காது. ஏறிய நிறம் மங்குமேயன்றி மாறாது. ஆகவே பாகில் பாதியை முதலிலும் பாதியை அடுப்பை அணைக்கும் தறுவாயிலும் சேர்க்கிறான். வற்றும் வேகம் எவ்வளவு ஊற்றினோம் என்பதைப் பொறுத்ததன்று. பானையின் வாயகலத்தையும் தீயின் கடுமையையும் பொறுத்தது. ஆகவே புதுப்பானை வாங்கினால் முதலில் வெறும் நீரை ஒரு மணிநேரம் கொதிக்கவிட்டு எத்தனை லிட்டர் போயிற்று என்று பார்த்துக்கொள்வானாம். வார்க்கும் நீரையும் முன்னாளே காய்ச்சி ஆறவைத்து மூடிவைப்பான். பச்சைநீரில் கிருமி இருக்கலாம். குழாய்நீரின் குளோரின் ஈஸ்ட்டோடு சேர்ந்தால் மருத்துவமனை நெடி வீசும். குளிர்ந்த நீருக்கு இன்னொரு பயனும் உண்டு. 40 பாகை வரை ஆறிய 6 லிட்டரோடு 12 பாகையிலுள்ள 17 லிட்டரைச் சேர்த்தால் மொத்தமும் 20 பாகைக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும்; ஈஸ்ட்டுக்கு உகந்த சூடு.

அளப்பது எப்படி என்று கேட்டோம். "மரக்கரண்டிக் காம்புல லிட்டருக்கு ஒரு வெட்டு வெட்டி வச்சிருக்கேன்" என்றான்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த எம் அன்னையார் இதைக் கேட்டு, "அந்தக் குச்சி எரவாணத்துல சொருவியிருக்குதுப்பா, எடுத்துப் பாரு" என்றார். எடுத்து வந்தான். கருகிய நுனியுள்ள ஒரு சாண் வேப்பங்குச்சி. கத்தியால் கீறிய ஒற்றைக் கோடு. கஷாயக் குச்சி. எட்டில் ஒன்றாகக் குறுக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு பங்கு நீரை மட்டும் பானையில் விட்டுக் குச்சியை நிறுத்தி, நீர் நிற்கும் இடத்தில் கீறிக்கொள்வார். பிறகு மீதி ஏழு பங்கையும் ஊற்றிக் காய்ச்சுவார். கோட்டுக்கு நீர் இறங்கியதும் அடுப்பை அணைப்பார். எம் பாட்டியாரும் அப்படித்தான் செய்தார். மருமான் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் யூடியூப் பாத்துக் கத்துக்கிட்டேன் ஆயா" என்றான்.

இனிச் சொல்லப்போவது எமக்குப் பெருமை தருவதன்று.

அந்தக் கார்த்திகையில் அன்னையாருக்குக் காய்ச்சல் வந்து தணிந்தது. மூட்டுவலி மட்டும் நின்றுவிட்டது. அவரால் எழுந்து அடுப்பருகே நிற்க இயலாமையால் நிலவேம்புக் கஷாயம் காய்ச்சும் பொறுப்பை யாம் ஏற்றோம். காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. 480 மில்லி நீரை ஊற்றி 60 மில்லியாகக் குறுக்குவது. குச்சியை யாம் தேடவில்லை, அளவுக்குவளை இருந்தது. சமையற்கட்டுக் குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டோம். ஓரிரு நாள் விடைத்தாள் திருத்தும் மும்முரத்தில் அளவுக்கு மேல் வற்றிப்போயிற்று. அதே குழாயிலிருந்து இரண்டு கரண்டி நீரை வார்த்து 60 மில்லியை நிறைவித்துக் கொடுத்தோம். வற்றியதற்கு வார்த்தாயிற்று என்பது அன்றைக்கும் எம் கணக்கு.

முதல் நாளே அன்னையார் சொன்னார்: "கரிக்குதுப்பா."

"நிலவேம்பு அப்படித்தான்மா இருக்கும். கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சிடுங்க" என்றோம்.

மறுநாளும் சொன்னார். அதன் பிறகு சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் குடித்தார். அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. பத்தாண்டுகளாக மாத்திரை உண்பவர். ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாவற்றையும் மருத்துவர் நிறுத்திவிட்டிருந்தார். பத்தாம் நாள் கால் வீங்கியது. அழுத்தம் ஏறியிருந்தது. "உப்பு எங்கிருந்தும்மா வருது?" என்று மருத்துவர் கேட்டார். அன்னையார் எம்மைப் பார்த்தார். வீட்டில் யாரோ கள்ளத்தனமாகக் கருவாடு கொடுத்திருப்பர் என்று யாம் எம் இல்லாளைப் பார்த்தோம். அவர் எம்மிடம் இரண்டு நாள் பேசவில்லை. அது நியாயமே.

மருமான் வந்த மூன்றாம் நாள் எமக்கு உதவியாகத் தானே கஷாயம் காய்ச்ச முனைந்தான். ஊற்றுமுன் குழாய்நீரைக் கையில் ஏந்தி நாவில் வைத்துப் பார்த்தான். பியர்க்காரனின் பழக்கம் போலும். "மாமா, இந்தத் தண்ணியிலயா இத்தனை நாளு?" என்றான். எம் வீட்டுக் குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்று நீர். சில ஆண்டுகளாக உவர்ப்பு ஏறியே வருகிறது. குடிக்கவும் சோறாக்கவும் கேன் தண்ணீர்தான். பாத்திரம் கழுவ, துணி துவைக்கக் குழாய்நீர். கஷாயம் மருந்தாயிற்றே, கொதிக்கத்தானே போகிறது என்று குழாய்நீரை எடுத்துவிட்டோம்.

"கொதிச்சா கிருமி சாகும். உப்பு எங்க போகும்? ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான் மாமா" என்றான். இலண்டன் நீரிலும் கடினத்தன்மை உண்டாம். அங்கே கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவாகச் சுண்ணாம்பு பிரிந்து நின்றுவிடும். கொதித்த நீர் சற்றே மென்மையாகும். சமையலுப்போ அப்படிப் படியாது. நீர் எட்டில் ஒன்றானால் உப்பு எட்டு மடங்காகும். வற்றியபின் அதே நீரை வார்த்தால் அதன் உப்பும் கணக்கில் ஏறும்.

கல்லூரியில் வேதியியல் துறை நண்பரிடம் நீரைக் கொடுத்தோம். கருவியை நனைத்துப் பார்த்து, லிட்டருக்கு 2 கிராம் அளவில் கரைந்த உப்புகள் என்றார். எம் கடற்கரையில் அவற்றின் பெரும்பகுதி சமையலுப்பே. 480 மில்லியில் ஏறத்தாழ 1 கிராம். அது முழுவதும் அந்த 60 மில்லிக்குள் நின்றது. நாளைக்கு இரண்டு வேளை. ஒருவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு மொத்தமே 5 கிராமுக்குள் இருத்தல் நன்று என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை.

கசக்கிறது என்று அன்னையார் சொல்லவில்லை. கரிக்கிறது என்றார். உப்பு மிகுந்தால் கரிப்பு. வேம்பு மிகுந்தால் கைப்பு. இந்த வேறுபாட்டை ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்து ஊதியம் வாங்குபவர் யாம். எழுதப் படிக்கத் தெரியாத அன்னையார் பிழையின்றி ஆண்ட சொல்லைத்தான் நிலவேம்பு அப்படித்தான் இருக்கும் என்று தள்ளினோம். கஷாயத்தை நிறுத்தி, மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தபின் ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. "முன்னெல்லாம் கஷாயத்துக்குன்னே ஊத்துத் தண்ணி கொண்டாருவேன்" என்று மட்டும் சொன்னார்.

ஊற்றுநீர் என்றால் என்ன என்று மருமான் கேட்டான். காட்டினால்தான் விளங்கும் என்று, எம் பழைய மாணவி ஒருத்தியின் குப்பத்திற்கு அவனை அழைத்துச் சென்றோம். பழவேற்காடு சென்று, படகில் ஏரியைக் கடந்து, கடலுக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் இறங்க வேண்டும். ஒருபுறம் கடல், மறுபுறம் உவர் ஏரி. மழைக்காலத்தில் ஆரணியாறு முதலியவை கொண்டுவரும் நீரால் ஏரியின் உப்புக் குறையும். கோடையில் நீர் வற்ற வற்ற உப்பு ஏறி, வடபகுதியின் ஆழமற்ற இடங்களில் கடலையும் விஞ்சிவிடும். முகத்துவாரம் தூர்ந்துவிட்டால் கடல்நீர் வந்து கலக்கவும் வழியில்லை. அப்போது மீனும் இறாலும் குறைவதாக மாணவியின் தந்தையார் சொன்னார். ஏரியைப் பார்த்து மருமான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். எமக்கும் அதே எண்ணம் வந்திருந்தமையால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திட்டின் நடுவே மணலில் இடுப்பளவுக் குழி. அடியில் ஒரு முழ நீர். மாணவியின் தாயார் குனிந்து, கொட்டாங்கச்சியால் மேலாக, அலை எழாமல், வழித்து வழித்துக் குடத்தில் ஊற்றினார். நன்னீர். அத்தனை உப்புக்கு நடுவே சருக்கரை போன்ற நீர். மருமான் வாளியை விட்டு மொள்ளப் போனான். "கலக்காத தம்பி, அடியில உப்பு" என்று தடுத்தார் அவர். மழைநீர் இலேசானது, மணலுக்குள் இறங்கி உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. ஆழத் தோண்டினாலோ அவசரமாக இறைத்தாலோ உவர் மேலே வந்துவிடும்.

மருமான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டான். அவன் முதன்முதலில் பியர் ஆக்கியபோது, நீர் வார்த்து நிரப்பியபின் அடர்த்திமானியை மிதக்கவிட்டுப் பார்த்தானாம். இருக்க வேண்டிய அளவில் பாதிகூடக் காட்டவில்லை. பாகு போதவில்லை என்று எண்ணி மேலும் ஒரு டப்பாவை வாங்கிக் கொட்டியிருக்கிறான். முடிவில் அது குடிக்கவொண்ணாத கடுப்பாயிற்று. உண்மையில் குறைவு ஒன்றும் இல்லை. வார்த்த நீர் மேலே மிதந்தது, சாறு அடியில் கிடந்தது. நன்றாகக் கலக்கிவிட்டு அளந்திருக்க வேண்டும். "இவங்க கலக்கக்கூடாதுங்கறாங்க. நான் கலக்காம விட்டுட்டேன்" என்றான்.

மாணவியின் பாட்டனார் ஒருவர் திண்ணையில் இருந்தார். பருத்தி நூல் வலைக் காலத்தவர். நைலான் வருமுன் வலை மக்காதிருக்க மரப்பட்டையைப் பெரிய அண்டாவில் காய்ச்சி அதில் முக்கி எடுப்பார்களாம். வற்றினால் எந்த நீரை வார்த்தீர்கள் என்று கேட்டோம். "ஏரித் தண்ணிதான். வலைக்கு உப்பா, மொளகா?" என்றார்.

வலைஞர் வீட்டு அரிசி மதுவைப் பற்றியும் அவரிடம் கேட்க நினைத்தோம். பேச்சு அங்கே திரும்பியதுமே பெண்களின் முகம் மாறிற்று. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விற்ற சாராயத்தைக் குடித்து மீனவர்கள் மாண்டனர். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டிலும் நஞ்சு மெத்தனால். அது அரிசியை ஊறவைத்துப் புளிக்கவிட்டதால் வந்ததன்று. தொழிற்சாலைக் கரைப்பானைக் குடிக்கும் பொருளாக விற்றதால் வந்தது. ஆனால் இவ்விளக்கத்தை அந்தத் தெருவில் நின்று சொல்ல எமக்கு நா எழவில்லை. கணவனையும் மகனையும் கடலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெண்களிடம், உங்கள் முன்னோர் இதனை நேர்த்தியாக ஆக்கினர் என்று சொல்லி என்ன பயன்?

திரும்பும் படகில் மருமான் பாட்டை மீண்டும் எடுத்தான். நீரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையா என்றான். அப்போதுதான் எமக்கு நினைவு வந்தது. இல்லாமலில்லை. கடைசியில் வெந்நீர் என்றொரு சொல் வருகிறது. வெந்நீரில் வேகவைத்தது என்ற போக்கில் உரை வழியே படித்து, அவ்வாறே நடத்தி வந்தோம். "கடைசியிலயா? அப்ப அது டாப் அப் மாமா!" என்று அவன் கூவியதில் படகுக்காரர் திரும்பிப் பார்த்தார். சிக்கிமில் டோங்பா என்று ஒன்று உண்டாம். புளித்த கேழ்வரகைக் குவளையில் இட்டு, வெந்நீரை வார்த்து, சிறிது பொறுத்து, மூங்கிற்குழலால் உறிஞ்சுவர். தீரத்தீர வெந்நீரை வார்ப்பர். சாரம் இருக்கும்வரை அது இறங்கும்.

களியாகவே கிண்டி, களியாகவே புளிக்கவிட்டு, கெட்டியாக முதிர்ந்தபின் வெந்நீரை வார்த்து விரலால் அலைத்துப் பிழிந்திருப்பார்களோ? விரல் வேண்டியிருந்தது அதனாற்றானோ? எமக்கு அவ்வாறு படுகிறது. நச்சினார்க்கினியருக்கு மாறாகச் சொல்லும் துணிவு எமக்கில்லை. எனினும் அவர் கஷாயம் காய்ச்சியிருப்பாரா என்ற ஐயம் எழாமலில்லை. சுற்றிலும் உவர்நீர் உள்ள வலைஞர் குடியில் நன்னீர் அரிது. அதை முதலிலேயே கொட்டி வற்றவிடுவதைவிடக் கடைசியில் வேண்டுமளவு காய்ச்சி வார்ப்பதே சிக்கனம். வகுப்பில் இதனை ஒரு கருத்தாக மட்டும் சொல்லி வருகிறோம்; தேர்வில் எழுதினால் மதிப்பெண் உண்டு.

மாசி மாதம் மருமான் தொலைபேசினான். ஈஸ்ட் ஹாமில் முளைகட்டத் தக்க நெல் கிடைக்கவில்லையாம். கைக்குத்தல் அரிசியைக் களி கிண்டி, ஆற்றி, முளை பார்லியை இடித்துக் கலந்து, ஈஸ்ட்டும் தூவி இரண்டு பகல் இரண்டு இரவு வைத்திருக்கிறான். கெட்டியாக, புளிப்பும் இனிப்புமாக நல்ல மணம் வந்திருக்கிறது. பிறகு வெந்நீரை வார்த்தானாம். முதலில் ஒரு பங்கு, பிழிய வரவில்லை. இன்னொரு பங்கு, வந்தது. ஆசைப்பட்டு மூன்றாம் பங்கையும் விட்டிருக்கிறான். கழுநீர் போலாகிவிட்டது. "மறுபடியும் அதே கேள்விதான் மாமா" என்றான்.

பக்கத்திலிருந்த அன்னையாரிடம் கொடுத்தோம். ஆயாவின் கஷாயக் குச்சியைத் தபாலில் அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறான் போலும். "ஏண்டா, அங்க குச்சிக்கா பஞ்சம்? ஒரு பங்கை ஊத்திக் கீறிக்கோ" என்றார். பிறகு, தண்ணீர் கரிக்கிறதா என்று முதலில் நாவில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.